உங்கள் பிஸ்டல் எந்த டிவிஷனில் சேரும்? ஐ.பி.எஸ்.சி. போட்டி விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐ.பி.எஸ்.சி. என்பது என்ன? ஒலிம்பிக் சுடுதலிலிருந்து எதில் வேறு?

நடைமுறைச் சுடுதலுக்கான சர்வதேசக் கூட்டமைப்பைத்தான் சுருக்கமாக ஐ.பி.எஸ்.சி. என்கிறார்கள். 1976 மே மாதம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், கொலம்பியா நகரில் கூடிய ஒரு மாநாட்டில் இது உருவானது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர்.

ஒலிம்பிக் பிஸ்டல் பிரிவுகளில் ஒரே இடத்தில் அசையாமல் நின்று சுடுவார்கள். இங்கே பிஸ்டலை உறையிலிருந்து எடுத்து, ஓடி, தடுப்புகளின் பக்கவாட்டில் சாய்ந்து, அட்டை இலக்குகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுப்பார்கள். கிடைக்கும் எண்ணுக்கு ஹிட் ஃபேக்டர் என்று பெயர். ஸ்டேஜ் என்பது போட்டியின் ஒரு சுற்று. அந்த ஸ்டேஜில் யார் முந்தியது என்பதை அதுதான் சொல்லும்.

எல்லோரையும் ஒன்றாகச் சுடவிட்டால் என்ன? டிவிஷன் எதற்கு?

முதலில் அப்படித்தான் இருந்தது. போட்டி என்று வந்துவிட்டால் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பேரலின் நுனியில் காம்பன்சேட்டர் பொருத்தினார்கள். சுடும்போது வரும் வாயுவை மேல்நோக்கித் திருப்பிவிட்டு, பிஸ்டல் துள்ளுவதைக் குறைக்கும் கருவி அது. அதன் பிறகு, குறிபார்க்க ஒளிப்புள்ளி காட்டும் ரெட் டாட் சைட் வந்தது. 1990-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியை டக் கோனிக் அப்படியொரு ஒளிப்புள்ளி சைட்டுடன் வென்றார். அதற்கு மேல் சாதாரண இரும்பு சைட் வைத்திருப்பவர் முன்வரிசையில் நிற்பது கடினம் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அதனால் 1990-களில் பிரித்தார்கள். எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஓப்பன், இரும்பு சைட்டோடு இருப்பவர்களுக்கு ஸ்டாண்டர்ட். கடையில் வாங்கியதை அப்படியே கொண்டுவருபவர்களுக்குப் பிற்பாடு புரொடக்‌ஷன் வந்தது. விதிப்புத்தகத்தில் விசித்திரமாகத் தெரியும் வரிகள் பலவற்றையும் இந்தக் கண்ணோட்டத்தில் படித்தால் காரணம் தெரிந்துவிடும். பணத்தைக் கொட்டி முந்தும் வழி ஒவ்வொன்றாகத் திறந்தது, ஒவ்வொன்றாக அடைத்தார்கள்.

கைத்துப்பாக்கிக்கு என்னென்ன டிவிஷன்கள்?

ஓப்பன், ஸ்டாண்டர்ட், கிளாசிக், புரொடக்‌ஷன், புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ், ரிவால்வர் ஆகியவை முக்கியமானவை. புதியவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்வது புரொடக்‌ஷனில்தான், குழப்பமும் அங்கேதான் அதிகம். ஆகவே இந்தப் பக்கத்தில் அதற்கே இடம் கூடுதல்.

விதிப்புத்தகம் அவ்வப்போது திருத்தப்படும். கீழே உள்ள அளவுகள் பல வருடங்களாகப் புழக்கத்தில் இருப்பவை. இருந்தாலும் பணம் கொடுத்து எதையும் வாங்கும் முன் நடப்புப் பதிப்பை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

என் பிஸ்டல் புரொடக்‌ஷன் பட்டியலில் இருக்கிறது. அது போதுமா?

போதாது. ஐ.பி.எஸ்.சி. தன் இணையதளத்தில் அனுமதிக்கப்பட்ட பிஸ்டல்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் இல்லாத மாடல் புரொடக்‌ஷனுக்கு ஆகாது, அதில் பேச்சே இல்லை. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது முதல் படி மட்டும்தான். நீங்கள் அன்று இடுப்பில் கட்டிக்கொண்டு வரும் அந்த ஒரு பிஸ்டல் விதிக்குள் இருக்கிறதா என்பதைத்தான் நடுவர் பார்ப்பார். பேரல் நீளம், ட்ரிகர் எடை (அதை அழுத்தத் தேவையான பலம்), உள்ளே இருக்கும் பாகங்கள், மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) உள்ள தோட்டாக்கள், ஹோல்ஸ்டர் என்ற உறை இருக்கும் இடம் எல்லாம் அதில் அடக்கம். முன்னிடுப்பு எலும்புக்குப் பின்னால்தான் ஹோல்ஸ்டரும் மேகசின் பைகளும் இருக்க வேண்டும். வயிற்றுக்கு நேராகக் கட்டிக்கொண்டு வந்தால், பட்டியலில் உள்ள பிஸ்டலாக இருந்தும் டிவிஷன் கை நழுவிவிடும்.

கிளாக் 34 போட்டிக்கென்றே செய்த பிஸ்டல் என்கிறார்கள். அதை ஏன் சேர்ப்பதில்லை?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை எனலாம். ஐ.பி.எஸ்.சி. புரொடக்‌ஷனில் பேரல் 127 மி.மீ., அதாவது 5 அங்குலம் தாண்டக்கூடாது. கிளாக் 34-ன் பேரல் சுமார் 135 மி.மீ. எட்டு மில்லிமீட்டரில் போயிற்று. அதன் அண்ணன் கிளாக் 17-க்கு 114 மி.மீ.தான், எனவே பிரச்சினை இல்லை. பெரெட்டா 92-வின் பேரல் 125 மி.மீ., அதுவும் உள்ளே வந்துவிடும். சிக் பி320-யின் எக்ஸ்5, வால்த்தர் க்யூ5 மேட்ச் போன்றவை 5 அங்குலத்திலேயே நிற்பவை.

அமெரிக்காவில் யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற சுடுதல் அமைப்பு நடத்தும் போட்டிகளில் கிளாக் 34 புரொடக்‌ஷனிலேயே சுடப்படுகிறது. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வாங்கிவிட்டு, ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ போட்டிக்கு வந்து முழிப்பவர்கள் இதனால்தான். யாருடைய விதியில் சுடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

‘முதல் குண்டு டபுள் ஆக்‌ஷன்’ என்றால் என்ன?

ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல், முன்பே பின்னுக்கு இழுத்து நிறுத்தப்பட்டிருந்தால் ட்ரிகர் அதை விடுவிக்கும் வேலையை மட்டும் செய்யும். அது சிங்கிள் ஆக்‌ஷன். அழுத்தம் குறைவு, தூரமும் குறைவு. ஹேமரை இழுப்பது, விடுவது இரண்டையும் ட்ரிகரே செய்தால் டபுள் ஆக்‌ஷன். அழுத்தம் நீளமாகவும் கனமாகவும் இருக்கும். சிங்கிள் ஆக்‌ஷனில் மட்டுமே இயங்கும் பிஸ்டலுக்குப் புரொடக்‌ஷனில் இடம் கிடையாது. 1911 என்ற பழைய வடிவமைப்புப் பிஸ்டல் வெளியே நிற்பது இதனால்தான். ஹேமருக்குப் பதில் உள்ளே ஸ்ட்ரைக்கர் என்ற ஊசி வைத்த கிளாக் போன்றவற்றைப் பட்டியல் ஏற்றுக்கொள்கிறது. வெளியே ஹேமர் இல்லாததால் அவற்றில் இறக்கி வைக்க எதுவும் இல்லை.

இப்போது உலகெங்கும் இந்த டிவிஷனில் அதிகம் கண்ணில் படும் செக் நாட்டு சி.இசட். ஷேடோ 2-வை எடுத்துக்கொள்வோம். தோட்டாவைப் பேரலின் பின்பக்க அறைக்குள் ஏற்றியதும் ஹேமர் பின்னால் நிற்கும். அப்படியே ஹோல்ஸ்டரில் வைக்கக்கூடாது. ஷேடோ 2-வில், ஹேமரை இறக்கித் தரும் டீகாக்கிங் லீவர் இல்லை. எனவே கட்டைவிரலால் ஹேமரைப் பிடித்துக்கொண்டு, ட்ரிகரை அழுத்தி, மெதுவாக முழுவதும் முன்னால் இறக்க வேண்டும். பாதியில் நிற்கும் பள்ளத்தில் விட்டுவிட்டால் விதிப்படி அது இறக்கியதாகாது. டீகாக்கிங் லீவர் உள்ள பிஸ்டலில் நிலைமை வேறு. அங்கே அந்த லீவரால் மட்டும்தான் இறக்க வேண்டும், ட்ரிகரைத் தொடக்கூடாது.

தோட்டா உள்ளே இருக்கும்போது ஹேமரை விரலால் இறக்குவது இந்த விளையாட்டிலேயே பதற்றமான நொடி. விரல் வழுக்கிக் குண்டு வெடித்துவிட்டால் அன்றைய போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள், மன்னிப்பு கிடையாது. வீட்டில் காலிப் பிஸ்டலில் நூற்றுக்கணக்கில் பழகிவிட்டு வாருங்கள்.

ட்ரிகர் எடையை எப்படிச் சோதிப்பார்கள்?

இரண்டு கணக்கு உண்டு. முதல் அழுத்தம் குறைந்தது 2.27 கிலோ, அதாவது 5 பவுண்டு இருக்க வேண்டும். அல்லது ஒவ்வொரு அழுத்தமும் குறைந்தது 1.36 கிலோ, அதாவது 3 பவுண்டு இருக்க வேண்டும். ஷேடோ 2 போன்றவை முதல் கணக்கில் சுலபமாகத் தேறும். முதல் குண்டுக்குப் பிறகு அவற்றின் ட்ரிகர் எவ்வளவு லேசாக இருந்தாலும் கேள்வி இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அழுத்தம் கொண்ட ஸ்ட்ரைக்கர் பிஸ்டல்கள் இரண்டாவது கணக்கில் வரும்.

சோதனை எளிமையானது. காலியான பிஸ்டலின் முனை மேலே இருக்க, ட்ரிகரில் எடைக்கட்டியை மாட்டித் தூக்குவார்கள். ஹேமரோ ஸ்ட்ரைக்கரோ விழக்கூடாது, அவ்வளவுதான். எடைக்கட்டி யாருக்கும் சலுகை காட்டாது. ஸ்பிரிங் தேயத் தேய அழுத்தம் குறையும். போன வருடம் தேறியது இந்த வருடமும் தேறும் என்று நம்பி வராதீர்கள். வீட்டு அளவியில் சரியாக 1.36 காட்டும் ட்ரிகர் எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசத்தால் தோற்றவர் எவரும் இல்லை.

புரொடக்‌ஷன் பிஸ்டலில் எதை மாற்றலாம்?

அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளரே தரும் அசல் பாகங்களைப் போடலாம். இரும்பு சைட்டுகளை மாற்றலாம். பிடியில் சொரசொரப்பு டேப் ஒட்டலாம். புதுப் பாகம் பொருந்துவதற்காகப் பிசிறு நீக்குவது போன்ற சின்ன வேலைகள் தடையில்லை.

வேறு நிறுவனத்தின் ட்ரிகர், மேகசின் நுழைவை அகலமாக்கும் புனல், காம்பன்சேட்டர், பேரலில் துளை எதுவும் ஆகாது. ‘என் நண்பனும் இதைத்தான் போட்டிருக்கிறான்’ என்பது வாதமாகாது. அவன் பிஸ்டலை இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

மேகசினில் 17 தோட்டா பிடிக்கும். முழுக்க நிரப்பலாமா?

கூடாது. மேகசின் எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கட்டும், நிரப்புவது 15 வரைதான். நடுவில் மாற்றப்போகும் மேகசின்களுக்கும் அதே அளவு. அறையில் விளக்குக்கு அடியில் உட்கார்ந்து நிதானமாக எண்ணி நிரப்புபவர்களுக்குப் பிரச்சினை வராது. அரட்டை அடித்துக்கொண்டே நிரப்புபவர்கள்தான் மாட்டுவார்கள். யு.எஸ்.பி.எஸ்.ஏ. புரொடக்‌ஷனில் முன்பு 10 தோட்டாதான் இருந்தது, பிறகு அங்கேயும் 15 ஆக்கினார்கள்.

பவர் ஃபேக்டர் என்றால்?

குண்டின் எடையைக் கிரெயின் என்ற சிறிய எடை அலகில் எடுத்து, வினாடிக்கு எத்தனை அடி பறக்கிறது என்பதால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வருவது. மைனர் என்று கணக்கில் வர 125 வேண்டும். மேஜருக்கு ஸ்டாண்டர்டில் 170, ஓப்பனில் 160. புரொடக்‌ஷனில் எல்லோருக்கும் மைனர் மட்டும்தான்.

124 கிரெயின் குண்டு 1020 அடி வேகத்தில் போனால் 126.48, தேறிவிடும். அதே குண்டு 1005 அடியில் போனால் 124.62. பக்கத்தில் வந்துவிட்டதே என்று 125-ஆகச் சுற்றிவிட மாட்டார்கள். 124.9 வந்தாலும் தேறாததுதான்.

போட்டியில் உங்கள் தோட்டாக்களில் எட்டை நடுவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டின் எடை பார்ப்பார்கள். மூன்றை உங்கள் பிஸ்டலிலேயே சுட்டு, கிரோனோகிராஃப் கருவியில் வேகம் எடுப்பார்கள். தேறாவிட்டால் இன்னும் மூன்று. ஆறில் வேகமான மூன்றின் சராசரி கணக்கில் வரும். கடைசித் தோட்டாவை இன்னொரு முறை எடை பார்க்கச் சொல்லலாம், அல்லது சுடச் சொல்லலாம். தேர்வு உங்களுடையது. மேஜர் என்று எழுதிக்கொடுத்துத் தேறாதவர் மைனராகிவிடுவார். மைனரே தேறாதவர் போட்டி முழுக்கச் சுடலாம், புள்ளி கிடையாது.

சொந்தமாகத் தோட்டா நிரப்புபவர்கள் குளிர்காலப் போட்டிக்குக் கோடையில் எடுத்த வேகத்தை நம்பி வர வேண்டாம். குளிரில் சில வெடிமருந்துகளின் வேகம் இறங்கும். 130-ஐ ஒட்டி நிரப்பிக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மேஜரால் உண்மையில் என்ன லாபம்?

நடு வட்டாரமான ஏ-யில் பட்டால் இருவருக்கும் 5 புள்ளி. சி-யில் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. டி-யில் பட்டால் 2-ம் 1-ம். 12 அட்டை இலக்குகள், ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டு என்று ஒரு ஸ்டேஜ். 18 ஏ, 6 சி எடுத்தவர் மேஜரில் 114 புள்ளி பெறுவார், மைனரில் 108. இருவரும் 15 வினாடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர் 7.6-ம் 7.2-ம். ஒரே ஸ்டேஜில் இது பெரிய இடைவெளி.

ஆனால் மேஜர் தோட்டாவின் உதைப்பும் அதிகம். ஸ்டாண்டர்டில் மைனராகவும் சுடலாம், ஏ-யிலேயே நிற்கத் தெரிந்தவருக்கு அது பெரிய நட்டமில்லை. புதிதாக வருபவர் உதைப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு மேஜர் சுடுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

ஸ்டாண்டர்டின் பெட்டி எப்படி?

உள்ளளவு 225, 150, 45 மி.மீ. கொண்ட ஒரு பெட்டி. காலி மேகசின் மாட்டிய பிஸ்டல் அதற்குள் அடங்க வேண்டும். ரெட் டாட்டும் காம்பன்சேட்டரும் கிடையாது. மேஜர் சுட 10 மி.மீ. விட்டம், அதாவது .40 வேண்டும். சிங்கிள் ஆக்‌ஷன் தடையில்லை. இரட்டை வரிசை மேகசின் கொண்ட 2011 வகையும் சி.இசட். டி.எஸ். போன்றவையும் இங்கே கோலோச்சுவது அதனால்தான்.

அமெரிக்காவின் லிமிடெட் டிவிஷனில் பெட்டி கிடையாது. மேகசின் 141.25 மி.மீ. வரை போகலாம். அங்கிருந்து நீள மேகசினோடு வருபவரின் பிஸ்டல் இங்கே பெட்டிக்குள் போகாது. பிஸ்டலை மாற்ற வேண்டியதில்லை, குட்டையான மேகசின் வாங்கினால் போதும்.

1911-ஐ எங்கே சுடுவது?

கிளாசிக்கில். ஒற்றை வரிசை மேகசின் வைத்த 1911 வடிவத்துக்கென்றே அமைந்த டிவிஷன் அது. மேஜர் என்றால் மேகசினில் 8 தோட்டா, மைனர் என்றால் 10. பெட்டி அளவு இதற்கும் உண்டு. மேகசின் மாற்றுவதில் கை தேர வேண்டுமென்றால் ஒரு பருவம் கிளாசிக் சுடுங்கள், எட்டுக்கு ஒருமுறை மாற்றி மாற்றித் தானாக வந்துவிடும்.

ஓப்பனில் எதுவும் செல்லுமா?

ஏறக்குறைய. மேகசின் நீளம் 170 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தொடர்ச்சியாகச் சுடும் ஆட்டோமேட்டிக் எந்த டிவிஷனிலும் கிடையாது. மேஜர் எல்லை 160 என்பதாலும், 9 மி.மீ. குண்டிலேயே அதை எட்டலாம் என்பதாலும் .38 சூப்பர், 9 மேஜர் தோட்டாக்கள் இங்கே புழங்குகின்றன. செலவைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

புரொடக்‌ஷன் பிஸ்டலில் ரெட் டாட் மாட்டினால்?

அது புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ். சைட், சுடும்போது முன்பின் நகரும் மேல்பாகமான ஸ்லைடின் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். 15 தோட்டா, மைனர் என்பதெல்லாம் அப்படியே. கண் பார்வை தளர ஆரம்பித்தவர்கள் தயங்காமல் இங்கே வரலாம்.

யு.எஸ்.பி.எஸ்.ஏ.வின் கேரி ஆப்டிக்ஸ் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் அங்கே 141.25 மி.மீ. மேகசினை முழுக்க நிரப்பலாம், எடை 59 அவுன்ஸ் வரை போகலாம். சிங்கிள் ஆக்‌ஷன் பிஸ்டலில் டாட் வைத்தவர்களுக்காக லிமிடெட் ஆப்டிக்ஸ் என்று பிறகு தனியாக ஒன்றைத் திறந்தார்கள்.

ரிவால்வர்?

ஆறு தோட்டா வைத்தது மேஜர் சுடலாம். எட்டு தோட்டா பிடிக்கும் ரிவால்வரையும் கொண்டுவரலாம், ஆனால் மைனராகத்தான் புள்ளி விழும். ஆள் குறைவு, ரசிகர்கள் அதிகம்.

போட்டி நடக்கும்போது விதிமீறல் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

பாதுகாப்புத் தவறு வேறு, கருவித் தவறு வேறு. பாதுகாப்பில் பிசகினால் வெளியேற்றம். கருவி உங்கள் டிவிஷனுக்குப் பொருந்தாவிட்டால் உங்களை ஓப்பனுக்கு மாற்றுவார்கள். அந்தப் போட்டியில் ஓப்பன் இல்லையென்றால் புள்ளி இல்லாமல் சுடலாம். ஆக, மேகசினில் 16-வது தோட்டாவோடு பிடிபட்ட புரொடக்‌ஷன்காரர், இரும்பு சைட்டோடு ரெட் டாட்காரர்களிடையே மோத வேண்டியதுதான். தண்டனையாகவே எண்ணி வைத்த ஏற்பாடு இல்லை, ஆனால் அப்படித்தான் உறைக்கும்.

நடுவில் பிஸ்டல் உடைந்தால் வேறொன்றை எடுக்கலாமா?

தலைமை நடுவரான ரேஞ்ச் மாஸ்டரிடம் காட்டி அனுமதி வாங்கிய பிறகு எடுக்கலாம். மாற்றுப் பிஸ்டலும் உங்கள் டிவிஷனுக்குள் அடங்க வேண்டும். எல்லா ஸ்டேஜையும் ஒரே பிஸ்டலோடும் ஒரே சைட்டோடும் முடிக்க வேண்டும் என்பதே பொது விதி. ஸ்டேஜுக்கு ஏற்றபடி மாற்றி மாற்றி எடுக்க முடியாது.

இந்தியாவில் இந்த டிவிஷன்களுக்குப் பிஸ்டல் வாங்க முடியுமா?

விளையாட்டு விதி அனுமதிப்பதை நாட்டுச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 9 மி.மீ. பாராபெல்லம் இந்தியாவில் தடை செய்யப்பட்ட துளை விட்ட (prohibited bore) வகையில் வருகிறது, சாதாரணத் தனிநபர் உரிமத்தில் கிடைக்காது. உரிமத்தில் பரவலாகக் கிடைக்கும் .32 பிஸ்டலின் குண்டு விட்டம் 8 மி.மீ.க்கும் குறைவு. ஐ.பி.எஸ்.சி.யோ குறைந்தது 9 மி.மீ. கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் கால் வைக்க இடமே இல்லை.

மற்ற நாடுகளிலும் நிலைமை நிலையானதல்ல. 1993 உலகப் போட்டி இங்கிலாந்தின் பிஸ்லியில் நடந்தது. நான்கே வருடத்தில், 1997-ல், அங்கே கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. கனடாவில் மேகசினுக்கு 10 தோட்டாதான் சட்டம். 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையும் கைமாற்றமும் முடக்கப்பட்டன. ஒலிம்பிக் பிரிவுகளில் சுடுபவர்களுக்கு விலக்கு உண்டு, ஐ.பி.எஸ்.சி. அந்த விலக்கில் சேரவில்லை. டொரண்டோவில் இருக்கும் நம் ஆட்கள் புதிதாக இதைத் தொடங்க நினைத்தால் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

சரி, முதல் பிஸ்டலாக எதை வாங்கலாம்?

மாடலைப் பிறகு பார்க்கலாம், முதலில் டிவிஷனைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கிளப்பில் எது நிறையப் பேர் சுடுகிறார்களோ அதில் சேர்வது நல்லது. கடன் வாங்கிச் சுட்டுப் பார்க்கலாம், மேகசின் மறந்துவந்தால் யாராவது கொடுப்பார்கள். பெரும்பாலும் அது புரொடக்‌ஷனாகவோ புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸாகவோ இருக்கும். கிளாக் 17, ஷேடோ 2 இரண்டில் எது கையில் உட்காருகிறதோ அதை எடுங்கள். ஷேடோ 2 கனமானது, சுட இதமாக இருக்கும், விலை கூடுதல். கிளாக்கில் ஹேமர் இறக்கும் பதற்றம் இல்லை.

பழையது வாங்குவதாக இருந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். பணம் கொடுக்கும் முன் விற்பவரையே பிஸ்டலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வேறு நிறுவனத்தின் ட்ரிகர் பாகங்கள் இருந்தால், அசல் பாகங்கள் டப்பாவில் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘எங்கேயோ இருக்கும்’ என்று பதில் வந்தால், அவற்றைப் புதிதாக வாங்க ஆகும் காசைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.